வேதனைக்கு வரம்பு உண்டோ?

மருத்துவரின் தவற்றால் காலிழந்த தொழிலாளியின் கூலி நட்டத்தைக் கணக்கிடலாம். அவன் வேதனையைக் கணக்கிடுவது எங்ஙனம்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால், வேதனைக்கு ஈடு 250,000 டாலருக்கு மேற்படலாகாது என வரம்பு கட்டிற்று. காப்புறுதிக் கட்டணம் பெருகின் மருத்துவர் தொழிலைக் கைவிடுவர் என்றனர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. எனினும், வரம்பு தாக்கியது யாரை? வருமான நட்டத்திற்கு வரம்பில்லை. சம்பளமில்லாத குழந்தைக்கும் முதியோர்க்குமோ, சிகிச்சைச் செலவு நீங்கலாக, வேதனையன்றிக் காட்டத்தக்க நட்டம் வேறென்ன உண்டு? 2023 முதலே அத்தொகை, இறப்பிற்கு 500,000, ஏனையவற்றிற்கு 350,000 என உயர்ந்தது.

பணம் நோவைத் தீர்க்காது. நோவு உண்மையென ஊர் ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. மருத்துவரைக் காக்கும் செலவை ஊரார் அனைவரும் பகிர்தல் முறை. ஊதியமற்றோர் தலையில் சுமத்துவது நீதியாகுமோ?