முதலில் யாருக்கு நீதி?

அநீதியை எதிர்க்க ஒன்றுகூடும் நல்லோரிடையேயும் ஒரு சங்கடமான கேள்வி எழுவதுண்டு: முதலில் யாருடைய கண்ணீரைத் துடைப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இக்கேள்வி நெடுநாள் நண்பர்களையே பிரித்தது.

தென் கரோலினாவில் அடிமைகளை வைத்திருந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தவர்கள் சாரா கிரிம்கே, ஆஞ்சலினா கிரிம்கே என்னும் சகோதரிகள். மனசாட்சி உறுத்தவே, வடக்கே சென்று அடிமை முறையைக் கண்டித்துப் பேசலானார்கள். 1837-இல் மாசசூசெட்ஸ் பாதிரிமார்கள், பெண்கள் இவ்வாறு பொதுவில் போதிப்பது பெண்மைக்குப் பொருந்தாது என்று மடல் வெளியிட்டனர். பிறர் விலங்கை உடைக்கச் சென்ற பெண்கள், தங்கள் கைகளையும் உற்றுநோக்க வேண்டியதாயிற்று.

1840-இல் லண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டில், பெண் பிரதிநிதிகளுக்கு அவையில் இடம் மறுக்கப்பட்டது. தாமதமாக வந்த வில்லியம் லாயிட் கேரிசன், அவையை விடுத்து, பெண்களோடு பார்வையாளர் பகுதியிலேயே அமர்ந்துவிட்டார். (தீர்மானங்களைவிட இத்தகைய மௌனங்கள் சில வேளை அதிகம் பேசுகின்றன.) அங்கே சந்தித்த லுக்ரீஷியா மாட்டும் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் 1848-இல் செனகா ஃபால்ஸ் ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூட்டக் காரணமாயினர். வாக்குரிமைத் தீர்மானத்திற்குப் பலர் தயங்கியபோது எழுந்து ஆதரித்தவர், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ்.

சோதனை பின்னரே வந்தது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. அடுத்து, கறுப்பின ஆண்களுக்கு மட்டும் வாக்குரிமையை உறுதிசெய்யும் திருத்தம் முன்வைக்கப்பட்டது. கறுப்பினத்தவருக்கு இது உயிர்ப் பிரச்சினை, எனவே முன்னுரிமை அவர்களுக்கே என்றார் டக்ளஸ். ஸ்டான்டனும் சூசன் பி. அந்தோனியும் அதை ஏற்கவில்லை. பெண்களைக் காத்திருக்கச் சொன்னது அநீதி என்ற ஸ்டான்டனின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கறுப்பின ஆண்களையும் குடியேறியவர்களையும் இழித்து அவர் பேசியதில் நியாயமில்லை. தன் துயரம் உண்மையானது என்பது, பிறரைத் தாழ்த்துவதற்கான உரிமைச்சீட்டு ஆகிவிடாது.

இந்தத் தராசில் கறுப்பினப் பெண்ணை எந்தத் தட்டில் வைப்பது? கறுப்பினக் கவிஞர் பிரான்சிஸ் ஹார்ப்பர், ஒன்றுதான் கிட்டுமெனில் தம் இனத்து ஆண்களுக்கே கிட்டட்டும் என்று 1869-இல் கூறினார். வழிவிட்டவர் அவர், பேசியோர் பலருக்கும் அவரைப்போல் இரண்டு சுமைகள் இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை 1920-இல் வந்தது. தென்மாநிலக் கறுப்பினப் பெண்கள் பலர் 1965 வரை அதைப் பயன்படுத்த இயலவில்லை.

1869-இல் அவ்வியக்கம் இரண்டாகப் பிளந்தது. டக்ளஸோ பெண்ணுரிமையைக் கைவிடவில்லை. 1895 பிப்ரவரி 20 அன்று வாஷிங்டனில் பெண்கள் மாநாடொன்றுக்குச் சென்றார். அவரை மேடைக்கு அழைத்துச் சென்றோருள் அந்தோனியும் ஒருவர். அன்று மாலையே, வீடு திரும்பிய டக்ளஸ் காலமானார்.