படிக்க முடிந்த தலையெழுத்து

தலையெழுத்து என்ற சொல்லில் ஓர் ஆறுதல் உண்டு. எழுதியது யாராக இருந்தாலும், அதை முன்கூட்டிப் படிக்க யாராலும் முடியாது. ஹண்டிங்டன் நோய் விஷயத்தில் அந்த ஆறுதல் போய்விட்டது. நான்காவது குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. அது 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுள் வாழ்கிறவர் தப்புவதில்லை. பெரும்பாலும் நடுவயதில் கைகால்கள் தம்போக்கில் ஆடத் தொடங்கும். நினைவும் குணமும் மெல்லச் சிதையும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. அப்படியானால், படிக்க முடிகிறது என்பதற்காகவே ஒருவர் தன் எழுத்தைப் படித்தாக வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் முடிவு. அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரின் வாழ்க்கைதான் என்னை இதற்குக் கொண்டுவந்தது.

அவருடைய தாய்க்கு இந்நோய் இருப்பது 1968-இல் தெரிந்தது. பத்தாண்டுகளில் அவர் இறந்தார். உளவியல் படித்த மகள், 1979 முதல் வெனிசுலாவின் மரகைபோ ஏரிக்கரைக்கு ஆண்டுதோறும் போனார். ஒரே வம்சத்தில் இத்தனை பேருக்கு இந்நோய் கண்ட இடம் உலகில் வேறில்லை. ரத்த மாதிரிகளும் வம்சாவளியும் சேர்ந்தன. 1983-இல் ஜேம்ஸ் குசெல்லா குழுவினர் மரபணு இருக்கும் இடத்துக்கு அடையாளம் கண்டார்கள். 1993-இல் மரபணுவே கிடைத்தது. சோதனைக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான வெக்ஸ்லர் அச்சோதனையைத் தான் செய்துகொள்ளவில்லை. அறிவைத் தேடியவரே அறிவுக்கு அஞ்சினார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயைப் பற்றிய அறிவு எல்லோருக்கும் பயன்படும், மருந்துக்கு வழி காட்டும். தன்னைப் பற்றிய அந்த ஒரு எண், பயன்படுத்த வழியில்லாத நிலையில், அவருக்குத் தண்டனைத் தேதி போன்றது. தேதியும்கூட அல்ல: ஒரே எண்ணுள்ள இருவருக்கு நோய் பல ஆண்டு இடைவெளியில் தொடங்கலாம்.

கடுமையான ஆட்சேபம் வேறொன்று: பிறக்கப்போகும் பிள்ளைக்கான கடமை. ஆனால் பெற்றோராகப் போகிறவருக்குத் தன் ஆபத்து ஐம்பது சதவீதம் என்பது தெரிந்ததே. அதை வைத்தே ஒருவர் தீர்மானிக்கலாம். பெற்றோருக்குத் தம் முடிவைச் சொல்லாமலே கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கவும் இன்று வழியிருக்கிறது. ஆகவே கடமை, அறிந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. கடமை மறுபக்கமும் இழுக்கிறது. தாத்தாவுக்கு நோய் இருந்த குடும்பத்தில் பேரன் சோதித்து ஆம் என்று வந்தால், கேட்காத தகப்பனின் எழுத்தும் அன்றே படிக்கப்பட்டுவிடும். இந்த ஏடு ஒருவருக்கு மட்டும் சொந்தமல்ல. அறியும் உரிமையைப் பேசுகிறவர்கள் இதை எளிதில் கடந்துபோகிறார்கள். அறிந்துகொள்கிறவரையும் நான் குறை சொல்லவில்லை. நிச்சயமின்மையைத் தாங்க முடியாத மனமும் உண்டு. முற்பிறவி வினை என்று நோயாளியைப் பழிப்பவர்களுக்கு மட்டும் இடம் தர முடியாது. பெற்றோரின் இரு பிரதிகளில் எது வருகிறது என்பது நாணயம் சுண்டுவது போன்றது. அதில் யார் குற்றமும் இல்லை.

2020-இல், 74 வயதில், தனக்கும் நோய் இருப்பதை வெக்ஸ்லர் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முன்பே நடையும் பேச்சும் அதைக் காட்டத் தொடங்கியிருந்தன. முன்பே அறிந்திருக்கலாமே என்று அப்போதும் கேட்கலாம். ஆனால் ஏரிக்கரையில் கழிந்த அத்தனை ஆண்டுகளும், முடிவு தெரியாத ஒருவராகவே அவர் வேலை செய்த ஆண்டுகள்.