கழுவாய்

ஆடி அமாவாசைக்குப் பேரூர் நொய்யல் படித்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அம்மா கேட்டார்: "தண்ணிய சுத்தம் பண்றீங்க, சரி. அந்த அழுக்கு எங்க கண்ணு போகுது?"

திருப்பூரில் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். "வடிகட்டிர்றோம்மா" என்றேன். அது பதிலாகாது என்று இருவருக்குமே தெரிந்தது.

பருத்தியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு ஏறத்தாழ முழுதும் தண்ணீரோடு வெளியேறும். அந்தத் தண்ணீர்தான் நொய்யலில் இறங்கி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்குட்டை ஆக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்பது அதன்பிறகுதான் எங்களுக்கு வேதவாக்கானது.

உப்பைத் தடுப்பது ஆர்.ஓ. சவ்வு. அதன்மேல் பிசுக்குப் படியப் படிய, அமிலமும் காரமும் விட்டுக் கழுவுவோம். சென்ற ஆண்டு ஆராய்ச்சி மாணவி ஒருவர் உள்ளங்கை அளவில் இரண்டு சவ்வுத் துண்டுகள் கொண்டுவந்தார். ஒன்றில் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களைப் பாலிமரோடு கலந்திருந்தார். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சாதாரணச் சவ்வில் சொட்டு குமிழாக நின்றது. மற்றதில் சட்டென்று பரந்து படுத்தது. தண்ணீரோடு இப்படி உறவாடும் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் ஒட்டாது என்றார். 2007-இல் கலிபோர்னியாவில் பாலிஅமைடு படலத்துக்குள் ஜியோலைட் நானோ துகள்களைப் பொதித்தபோது, உப்பை விடாமலே தண்ணீர் கூடுதலாக இறங்கியதையும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆற்றுக்கு இன்னும் வழி இருக்கிறது.

ஆனாலும் அம்மாவின் கேள்வி அப்படியே நின்றது. எவ்வளவு நல்ல சவ்வும் பிரிக்கத்தான் செய்யும். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் ரிஜெக்ட் என்று நாங்கள் சொல்லும் உப்புக் கழிவுநீர். அதை வற்றவைத்து, மறுபடி சாயத்துக்கு ஆகும் உப்பை எடுத்த பிறகும் கலப்பு உப்பு மிஞ்சும். எதற்கும் ஆகாத அது கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் இழுத்துச் சாக்கு கசியும்.

பாவம் தீரச் செய்வதற்குத் தமிழில் கழுவாய் என்று பெயர். முழுக்குப் போட்டால் பாவம் ஆற்றோடு போய்விடும் என்று நம்பித்தான் வளர்ந்தேன். ஆற்றோடு போனது எங்கே போனது? எங்கள் உப்பு கீழே இருந்தவர் வயலுக்குப் போனது. அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு அதற்குக் கழுவாய் என்று பேர் வைக்கலாமா? நாம் செய்ததன் மிச்சத்தை நம் கண்முன்னாலேயே வைத்துக் காவல் இருப்பதில்தான் கழுவாய் தொடங்குகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த ஆடியில் அம்மாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். ஒரு மூட்டையின்மேல் கைவைத்துப் பார்த்தார்.

"இங்கதான் இருக்குதா?"

"இங்கதாம்மா."