நம்புகிறாயா என்று கேட்பதற்கு முன்

தூத்துக்குடியில் வளர்ந்தவர்களுக்குக் கத்தோலிக்க நண்பர்கள் இல்லாமல் இருக்க முடியாது. பனிமய மாதா கோயிலில் ஜூலை 26இல் கொடி ஏறினால், ஆகஸ்ட் 5 வரை ஊரே அந்தப் பக்கம்தான். இவ்வளவு கலந்து வாழ்ந்தும் நம்பிக்கையைப் பற்றி மனம்விட்டுப் பேசுவது அரிதாகவே இருக்கிறது. பேச்சு எழுந்தாலும் "கடவுள் இருக்கிறார்னு நம்புறியா?" என்றுதான் தொடங்குகிறோம். கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர்களிடம் அந்தக் கேள்வி அநேகமாக எங்கும் போய்ச் சேர்வதில்லை.

ஏன் என்பதற்கு இந்தக் கரையின் வரலாற்றிலேயே விளக்கம் இருக்கிறது. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். கடலில் தங்களைக் காக்கப் போர்ச்சுக்கீசியரின் துணை அவர்களுக்கு வேண்டியிருந்தது. மறைக்கல்வி பின்னால் வந்தது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்ச்சுக்கீசியமும் அறிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். முதலில் ஊராகச் சேர்ந்தார்கள், பிறகு சொல்லக் கற்றார்கள், பொருள் மெல்ல வந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு பூசை லத்தீனில்தான். புரியாத மொழியில் பதில் சொல்லிக்கொண்டே தலைமுறைகள் முழந்தாளிட்டன. அதை அறியாமை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முழந்தாளுக்கும் ஓர் அறிவு உண்டு.

ஆகவே என்ன நம்புகிறார்கள் என்று கேட்காமல், என்ன செய்கிறார்கள் என்றே நான் கேட்கிறேன். கப்பலில் வேலை பார்த்த ஒரு நண்பன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டு வெகுகாலம் ஆகிறது. கடவுள் என்றாலே கையை விரித்துவிடுவான். கல்லறைத் திருநாளுக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். "நவம்பர் ரெண்டு, எங்க இருந்தாலும் ஊருக்கு வந்திருவேன்டே. அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, பூ வச்சு, மெழுகுவர்த்தி ஏத்தணும். அம்மா பேருல பூசைக்கும் கொடுத்திருவேன்" என்றான். செத்தவர்களுக்காக இருப்பவர்கள் வேண்டலாம், அது அவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது கத்தோலிக்கத்தின் ஆழமான கோட்பாடுகளுள் ஒன்று. கோட்பாடாகச் சொன்னால் அவன் மறுப்பான். ஆனால் எந்த வருடமும் அதைத் தவறவிட்டதில்லை. 'அப்படியானால் நீ இன்னும் விசுவாசிதான்' என்று அவனை மடக்குவது அற்பத்தனம்.

கோபத்தோடு விலகியவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம் உண்டு. சொல்லப் பாவம் ஏதும் அகப்படாமல், தங்கச்சியை அடித்ததாக ஒன்றை உண்டாக்கிச் சொன்னாராம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. சாமியாரிடம் பொய் சொல்லிவிட்டோமே என்ற பயம் அவரை நெடுங்காலம் விடவில்லை. இப்போது கோயில் பக்கமே போவதில்லை. ஆனால் படுக்கும் முன், அன்று யார் மனதை நோகடித்தோம் என்று எண்ணிப் பார்க்காமல் தூங்கமாட்டார். காயத்தைக் கொடுத்ததும் இந்தக் கண்ணியத்தைக் கொடுத்ததும் ஒரே பயிற்சிதான். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது.

சாதியால் அடிபட்டவர்களின் கதை வேறு. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. பல கல்லறைத் தோட்டங்களில் பிரிவினை அதற்குப் பிறகும் நீடித்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியும் இல்லை. கோயிலில் தலித், அரசாங்கத்துக்குக் கிறிஸ்தவர். இப்படி இரு பக்கமும் தள்ளப்பட்டவர் தன் கோபத்தைச் சொன்னால், அது நம்பிக்கைக்குச் சம்பந்தமில்லாத செய்தி அல்ல. சிலுவையில் தொங்குபவர் தன் பக்கம் நிற்கிறார் என்று நம்புவதால்தான் அந்தச் சுவர் அவருக்கு அவ்வளவு எரிகிறது.

பாவசங்கீர்த்தனக் கதை சொன்ன அந்த அக்கா ஒருமுறை என்னைத் திருப்பிக் கேட்டார்: "எங்ககிட்ட இவ்வளவு கேக்கியே, நீ மாதா கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்துறது எதுக்கு?" அப்பா படுக்கையில் கிடந்தபோது வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். அப்பா பிழைக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். "பொறவும் ஏத்துறியே, ஏன்?" என்றார். அன்று இரவு வெகுநேரம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.