ஆமை புகுந்த வீடு

மாடி வீட்டு நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டினார். கையில் ஷூ பெட்டி. உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குட்டி ஆமை. கறுப்பு ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள்.

''பொண்ணோட பர்த்டேக்கு சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கொடுத்தான் சார். மூணு நாளா பாலும் சோறும் வைக்கிறோம், தொட மாட்டேங்குது. என்ன சாப்பிடும்?''

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று இன்னமும் நம்புகிற அபூர்வ மனிதர் அவர். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனசில்லாமல் நாலு இடத்தில் விசாரித்தேன். பாலும் சோறும் கூடவே கூடாதாம். புல், கீரை, செம்பருத்திப் பூ, இலை தழைதான் சாப்பாடு. தினமும் தாடை நனையாத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிஷம் உட்கார வைக்க வேண்டும். நேரடி வெயில் வேண்டும், ஒதுங்க நிழலும் வேண்டும். வெயில் படாவிட்டால் வைட்டமின் டி கிடைக்காது. கால்சியம் உடம்பில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஃப்ளாட்டில் வெயிலுக்கு எங்கே போவது? அதற்குத் தனியாகப் புற ஊதா பல்பு இருக்கிறது. குட்டியாக இருக்கும்போது காற்று ரொம்ப உலர்ந்து இருந்தால் ஓடு மேடு மேடாகப் புடைத்துக்கொள்ளும். ஒருமுறை புடைத்தால் புடைத்ததுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஓடு என்பது ஆமை மாட்டிக்கொண்டிருக்கும் ஹெல்மெட் இல்லை. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்துதான் ஓடு. தட்டினால் அதற்குத் தெரியும். ''டொக் டொக்'' என்று விரலால் தட்டி விளையாடும் வாண்டுகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். எட்டாவது படிக்கும் அந்தப் பெண் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்து, பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்து, அப்படியே செய்தாள். ஒரு வாரத்தில் ஆமை செம்பருத்தியைக் கடித்தது. மாடியில் ஒரே கொண்டாட்டம்.

அப்புறம்தான் அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ''அங்கிள், இதோட அம்மா இதைத் தேடாதா?''

தேடாது. மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும் தாய். அதோடு அதன் வேலை முடிந்தது. குட்டி தானாக வெளியே வந்து, தானாகப் புல் மேய்ந்து, தானாகப் பிழைத்துக்கொள்ள வேண்டும். நிறைய செத்துப் போகும், சில பிழைக்கும். ஆனால் யாருடைய பராமரிப்பும் அதற்கு வேண்டியதில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது. பல்பு, கால்சியம் பவுடர், வெந்நீர்க் குளியல்... இவ்வளவும் அதற்கு ஏன் தேவைப்படுகிறது? நாம் அதைத் தூக்கி வந்ததால்தானே! நாமே ஒரு தேவையை உண்டாக்கி, அதை நாமே பார்த்துப் பார்த்து நிறைவேற்றி, அதற்குப் பாசம் என்று பெயர் வைக்கிறோம். அந்தப் பெண்ணின் பாசம் பொய் என்று சொல்லவில்லை. அது நிஜம் என்பதுதான் சிக்கலே.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நண்பர் வீட்டுக்கு வந்தது நட்சத்திர ஆமை. தென்னிந்தியா, வடமேற்கு இந்தியா, இலங்கை இங்கெல்லாம் முட்புதர்க் காடுகளில் வாழ்வது. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 2019-ல் சர்வதேச வர்த்தகத்துக்கான 'சைட்டிஸ்' ஒப்பந்தத்திலும் அதை மிகக் கடுமையான பட்டியலுக்கு மாற்றினார்கள். ஆனாலும் சென்னை விமான நிலையத்தில் சூட்கேஸ் சூட்கேஸாகப் பிடிபடுவது நின்றபாடில்லை.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். அது பொறாமை, கல்லாமை, இயலாமை என்று பட்டிமன்றத்தில் விளக்கம் கொடுப்பார்கள். விளக்கம் எதுவானாலும், ஆமைக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்புச் சட்டம் கிடையாது. இப்போது வாஸ்து, அதிர்ஷ்டம் என்று சொல்லி அதையே வீட்டுக்குள் கூப்பிடுகிறோம். பாட்டி தோற்றுப் போனாள்.

நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். வெலவெலத்துப் போனார். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் கேட்டதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

''நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன் சார். அங்கே நூறோட நூத்தி ஒண்ணா இதையும் போடுவாங்க. இங்கே என் பொண்ணு வேளை தவறாம குளிப்பாட்டறா. எங்கே நல்லா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.''

பேசாமல் காட்டில் விட்டுவிடலாமா என்றும் கேட்டார். அதுவும் கூடாது. தென்னிந்திய ஆமையும் வடமேற்கு ஆமையும் மரபணுவிலேயே வேறுபட்டவை. எங்கே பிடித்தது என்று தெரியாததைக் கண்ட இடத்தில் விட்டால், அங்கே இருப்பவற்றுக்கு நோயையும் சேர்த்துக் கொடுத்தனுப்பியதாகிவிடும்.

இந்த ஒரு ஆமையை மட்டும் வைத்துப் பார்த்தால் நண்பர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் பி.காம். படித்தவன். விற்ற சரக்கின் இடத்தில் அடுத்த சரக்கு வந்து உட்காரும் என்பது எனக்கு முதல் வருடப் பாடம். அந்தச் சொந்தக்காரப் பையன் கொடுத்த பணம் இந்த ஆமைக்கான விலை மட்டுமில்லை, அடுத்ததைப் பிடிப்பதற்கான அட்வான்ஸும்கூட. இங்கே இது நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் வந்து பார்த்தால், நாலு பேருக்கும் ஆசை வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்றொரு பாதிரியார், இயற்கை ஆர்வலர். அவருடைய அத்தை வளர்த்த ஆமை, அத்தை காலமானபின் 1780-ல் அவரிடம் வந்தது. பெயர் டிமோதி. அவர் 1793-ல் இறந்தார். அதற்கு அப்புறமும் ஆமை இருந்தது, மறு வருடம்தான் செத்தது. ஓட்டைப் பரிசோதித்தபோதுதான் தெரிந்ததாம், டிமோதி பெண்! அத்தனை வருடம் பக்கத்தில் வைத்துக் கவனித்தவருக்கே அது தெரியவில்லை. எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு இன்றைக்குக் கொடுத்த பரிசு, அவள் கல்யாணம், வேலை, ஊர் மாற்றம் எல்லாவற்றுக்கும் கூடவே வரக்கூடிய கடன். அவளைக் கேட்டா அதில் கையெழுத்துப் போட்டோம்?

இவ்வளவும் பேசிவிட்டேன். நண்பர் தலையாட்டிக்கொண்டு போனார்.

நேற்று இரவு போன். ''டாக்டர் அந்த பல்பை வாங்கச் சொல்றார் சார். வாங்கவா, இல்லே சனிக்கிழமை வனத்துறை ஆபீஸுக்குப் போயிடலாமா?''

''போயிடலாம்'' என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். ''பொண்ணு கிட்டே நீங்க வந்து சொல்றீங்களா?''

சரி என்றிருக்கிறேன். இன்றைக்கு வியாழக்கிழமை.