யானைமலை யாத்திரை



மதுரை மாநகரிலிருந்து மேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போதே, துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் ஒரு பெரும் யானை நம் கண்ணுக்குப் புலப்படும். தலையும் மத்தகமும் நீண்ட முதுகும் தனித்தனியே தோன்ற, பெரும்பகுதி மரமின்றி வெறும் பாறையாகக் கிடக்கும் அம்மலைக்கு யானைமலை என்று பெயர். மதுரையைச் சூழ்ந்து சமண முனிவர் தவமியற்றிய எண்பெருங்குன்றங்களுள் இதுவும் ஒன்று. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கங்களில் வாழும் நம் குடும்பங்கள் பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் சித்தாமூருக்கும் ஆண்டுதோறும் செல்கின்றன. பாண்டிய நாட்டுக் குன்றுகளுக்குச் செல்வோர் குறைவு. செல்ல வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம். ஆனால் செல்லுமுன் உள்ளத்தைச் சற்று ஆயத்தம் செய்துகொள்ள வேண்டிய மலை இது. அதன் காரணத்தை முதலில் கூறிவிடுவோம்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் யானை எய்த படலம் என்றொரு பகுதி உண்டு. பாண்டியனை வெல்ல மாட்டாத சோழன் சமணர்களை ஏவ, அவர்கள் கொடிய வேள்வி ஒன்று செய்து அதன் தீயிலிருந்து மாய யானையொன்றைப் படைத்து மதுரையை அழிக்க அனுப்பினர் என்றும், சொக்கநாதர் வேடராக வந்து நரசிங்க அம்பினால் அதனை வீழ்த்தினார் என்றும், அதுவே மலையாயிற்று என்றும் கதை செல்கிறது. இவ்வாறே நாகத்தை ஏவியதாகவும் அது நாகமலை ஆயிற்று என்றும், பசுவை ஏவியதாகவும் அது பசுமலை ஆயிற்று என்றும் கூறுவர். மதுரையைச் சுற்றி எத்திசையில் நோக்கினும் நம் முன்னோரைக் குற்றவாளிகளாகக் காட்டும் கதையொன்று கல்லாய்க் கிடக்கிறது என்றே சொல்லலாம். கழுவேற்றக் கதையை நாம் இங்கே எடுக்கவில்லை. அது தனியே பேசத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் நாலைந்து குடும்பங்களாக ஒரு வேனில் நாம் அங்குச் சென்றிருந்தோம். அடிவாரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் வழி கேட்டோம். அவர் நம்மை யாரென்று அறியார். "சமணரு ஏவிவிட்ட யானைம்மா இது. நம்ம சொக்கரு கல்லாக்கிப்புட்டாரு" என்று பெருமையுடன் கதையைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "மேல பாறையில சமணரு சாமி இருக்கு. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க" என்றும் கூறினார். நம்முடன் வந்த கல்லூரி மாணவன் ஒருவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாட்டி, இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நாம் வாய்மூடிப் போக வேண்டுமா?" என்றான். அவன் காதில் முன்பாதி மட்டுமே விழுந்திருந்தது. பிள்ளை கேட்கும் வினாவை அடக்கலாகாது, தள்ளிப்போடவும் லாகாது என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் நாம். ஆகையால் படியேறுமுன் நிழலில் அமர்ந்து அவனோடு பேசினோம். அன்று பேசியதையும் அதன்பின் சிந்தித்ததையும் சேர்த்து இங்கே வைக்கிறோம்.

முதலில் கல் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். இம்மலையின் மீதுள்ள குகையில் முனிவர் உறைந்த கற்படுக்கைகளும், அவற்றருகே தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டும் உள்ளன. அக்கல்வெட்டு இம்மலையை "இவகுன்றம்" என்று அழைக்கிறது. இவம் அல்லது இபம் என்பது யானையைக் குறிக்கும் சொல்லாகும். திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்தது ஏழாம் நூற்றாண்டில். அதற்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்ட கல்வெட்டு இது. புராணமோ சம்பந்தருக்கும் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. மலைக்கு அதன் வடிவத்தால் யானை என்னும் பெயர் முன்னரே அமைந்திருந்தது. அப்பெயருக்குக் கதை பின்னர் வந்து சேர்ந்தது. இதில் புலவர்மீது சினங்கொள்ள ஏதுமில்லை. யானைபோல் ஒரு மலை கிடந்தால் அதற்கு ஒரு கதை சொல்லாமல் மக்களால் இருக்க முடியாது. சமயப்பூசல் மிகுந்த காலத்தில் சொல்லப்பட்டதால் அக்கதையில் நாம் பகைவராய் நிற்கிறோம், அவ்வளவே.

இரண்டாவதாக, அக்கதை நம் அறத்தோடு பொருந்துமா என்று காண்போம். நம் யசோதர காவியத்தை நினைவு கூருங்கள். தாய் சந்திரமதியின் சொல்லுக்கிணங்கி யசோதர மன்னன் உயிருள்ள கோழியை அல்ல, மாவினால் செய்த கோழியைத்தான் பலியிட்டான். ஆயினும் கொல்கிறேன் என்னும் எண்ணம் அங்கே இருந்தமையால் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று துயருற்றனர். மாக்கோழியை வெட்டியதையே பெரும்பாவமென்று காவியம் பாடிவைத்த சமயத்தின் துறவியர், தீ வளர்த்து யானையைத் தோற்றுவித்து ஒரு நகரையே மிதிக்க அனுப்புவரோ? அங்ஙனம் செய்தவர் எவரேனும் இருந்தால் அக்கணமே அவர் முனிவர் அல்லர் என்பதே நம் ஆகமத்தின் தீர்ப்பாகும்.

இதைக் கேட்டதும் அந்த மாணவன் உற்சாகமடைந்தான். வாதத்திற்கு நல்ல கருவி கிடைத்தது என்று எண்ணினான் போலும். ஆனால் யசோதர காவியம் இருபுறமும் கூர்மையுடைய வாள். பூக்கட்டும் மூதாட்டியின்மீதும், அவர் போல் கதை சொல்லும் ஊரார்மீதும் நாம் உள்ளத்தில் வளர்க்கும் சினம் எத்தகையது? கையால் யாரையும் தீண்டவில்லை, வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். அதுவும் மாக்கோழிதான். திரவிய ஹிம்சை இல்லாவிடினும் பாவஹிம்சை நிகழ்ந்துவிட்டது. குரோதம் என்னும் கஷாயம் வினையை ஈர்த்துவிட்டது. யாருடைய கதையால் நமக்கு இழிவு நேர்ந்ததாகக் கருதுகிறோமோ அவருக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. வினைக்கட்டு முழுவதும் நமக்கே.

பிறகு மேலே ஏறினோம். நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் இம்மலை அடிவாரத்தில்தான் உள்ளது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி என்பவன் கி.பி. 770-இல் அதனைக் குடைவித்தான். அவன் மறைந்தபின் முகமண்டபத்தைத் தம்பி மாறன் எயினன் கட்டி முடித்தான். லாடன் கோயில் என வழங்கும் முருகன் குடைவரையும் அருகிலேயே இருக்கிறது. அவற்றைக் கண்டு மேலே சென்றால், இயற்கையாய் அமைந்த குகையின் நெற்றிப் பாறையில் நம் தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் வரிசையாய்த் தோன்றும். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, இயக்கி ஆகியோரைக் காணலாம். சுதை பூசி வண்ணம் தீட்டியிருந்த சுவடு இன்றும் சில இடங்களில் தெரிகிறது. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் அச்சணந்தி முனிவரின் பெயர் காணப்படுகிறது. பாண்டிய நாட்டுக் குன்றுகள் பலவற்றில் திருவுருவங்களைச் செதுக்குவித்த அம்மகான் இங்கும் வந்திருக்கிறார்.

அக்கல்வெட்டுகளில் நம்மை நெடுநேரம் நிற்கவைத்தது வேறொரு செய்தி. திருவுருவத்தின் காவலை நரசிங்கமங்கலத்துச் சபையார் ஏற்றனர் என்று அங்கே வெட்டப்பட்டுள்ளது. சபை என்பது அந்தணர் ஊரின் அவை. மலையடியில் நரசிங்கப் பெருமாளை வணங்கிய ஊரவை, மலைமேலிருந்த அருகனின் திருவுருவத்திற்குக் காவல் நின்றது. பகை இருந்ததில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சம்பந்தர் தம் பதிகத்திலேயே ஆனைமலை முதலிய இடங்களில் வாழ்ந்த சமணரைக் கடுமையாகக் குறிக்கின்றார். ஆனால் பகையை ஏட்டில் படித்து அறிகிறோம். காவல் நின்றதை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. கதை ஊரெங்கும் பரவிவிட்டது. கல்வெட்டோ மலைமேல் இருக்கிறது, ஏறினால்தான் படிக்கலாம்.

பார்சுவநாதரின் உருவத்தின் முன் நின்று அவருடைய முற்பிறவியைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தோம். ஸ்ரீபுராணம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று; எனினும் அவ்விடத்தில் சொல்லும்போது அதன் சுவையே வேறு. போதனபுரத்தில் கமடன், மருபூதி என்று இரு சகோதரர். தம்பியின் மனைவியை விரும்பித் தீங்கு செய்த கமடன் நாட்டை விட்டு விரட்டப்பட்டு, கல்லைத் தலைமேல் தூக்கிப் பொய்த்தவம் செய்துகொண்டிருந்தான். தவறு செய்யாத தம்பியே அண்ணனைத் தேடிச் சென்று காலில் விழுந்து பொறுத்தருள வேண்டினான். கமடன் அந்தக் கல்லையே அவன் தலையில் போட்டுக் கொன்றான். மருபூதி மறுபிறவியில் வஜ்ரகோஷம் என்னும் யானையாகப் பிறந்தான். அரவிந்த மன்னர் முனிவராகி, வணிகர் கூட்டத்தோடு காட்டு வழியே வந்தபோது அந்த யானை மதங்கொண்டு கூட்டத்திற்குள் பாய்ந்தது. மக்கள் சிதறி ஓடினர். முனிவர் அசையாது நின்றார். அவரைக் கண்ட அளவில் யானைக்கு முற்பிறவி நினைவு வந்து மதம் அடங்கியது. அறம் கேட்டு விரதம் ஏற்றது. உதிர்ந்த சருகைத் தின்று, பிற யானைகள் கலக்கிய நீரையே பருகி உடல் மெலிந்தது. ஒருநாள் ஆற்றுச் சேற்றில் அகப்பட்டு நின்றபோது, பாம்பாய்ப் பிறந்திருந்த கமடன் அதனைக் கடித்தான். யானை பகை கொள்ளவில்லை. அமைதியோடு உயிர்நீத்துத் தேவருலகு சென்றது. பல பிறவிகள் கடந்து அவ்வுயிரே பார்சுவநாதர் ஆயிற்று. கமடனின் உயிர் சம்பரன் என்னும் தேவனாய் வந்து ஏழுநாள் மழையும் கல்லும் பொழிந்தபோதும் பெருமான் அசையவில்லை. தரணேந்திரன் குடையாய் நிற்க, கேவலஞானம் எய்தினார். சம்பரனும் இறுதியில் பணிந்து நற்காட்சி பெற்றான்.

பத்துப் பிறவிகளாகத் தொடர்ந்த பகையில் பகைத்தவன் ஒருவன் மட்டுமே. இதைத்தான் தசலட்சண தருமத்தில் முதலாவதாக உத்தம க்ஷமை என வைத்தனர். அஞ்சி அடங்குவதும், வாய்ப்புக் கிடைக்கும்வரை காத்திருப்பதும் க்ஷமை ஆகா. மதயானை பாயும்போது முனிவர் நின்றாரே, அந்த நிலை க்ஷமை. நம்மைப் பற்றிய கதை ஒன்று மதயானைபோல் பாய்ந்து வரும்போது நாமும் அவ்வாறு நிற்கப் பழகலாம். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்பதன்று. இவகுன்றம் என்ற கல்வெட்டைச் சொல்லுங்கள், யசோதர காவியத்தைச் சொல்லுங்கள். குரல் உயராமல் சொல்லுங்கள்.

நம் அநேகாந்தம் நம்மையும் அளக்கும் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. எண்ணாயிரம் முனிவர் விட்டுச்சென்ற ஏடுகள் வைகையில் எறியப்பட, நாலடியார் வெண்பாக்கள் மட்டும் நீரை எதிர்த்து வந்தன என்று நாம் மகிழ்ந்து கூறுகிறோம். சம்பந்தரின் ஏடு அதே வைகையை எதிர்த்துத் திருவேடகம் சென்றது என்று சைவ அன்பர் கூறுகின்றனர். ஒரே ஆறு, ஒரே அற்புதம், இரு சமயம். அவர்களுடையது கட்டுக்கதை, நம்முடையது வரலாறு என்று சாதிப்பது ஏகாந்தவாதம் அன்றோ? மாணவன் இதற்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அதன்பின் அவன் முகத்திலிருந்த சிவப்பைக் காணோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டையொட்டி, இம்மலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் ஒன்று எழுந்தது. கருங்கல் குவாரிகளால் மேலூர் வட்டாரத்துக் குன்றுகள் பல சிதைந்ததைக் கண்ணால் கண்டிருந்த சுற்றுவட்டார ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சமணர் அல்லர். சொக்கர் கல்லாக்கிய யானை என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர்களே அவர்கள். அக்கதையைச் சொல்லும் வாயே, மலையை வெட்டாதே என்றும் முழங்கியது. பார்சுவநாதரின் திருவுருவம் இன்றும் உளிபடாமல் இருப்பதற்கு நரசிங்கமங்கலத்துச் சபையாருக்குப் பின் இவர்களுக்கும் நாம் நன்றியுடையோம். அருகிலுள்ள அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் தீர்த்தங்கரர் திருவுருவமும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. ஒரே நாளில் இரண்டையும் தரிசித்து வரலாம்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். பாறை வெயிலில் விரைவில் சூடேறிவிடும், வழியில் நிழல் அரிது. முதியோர் கைத்தடி கொண்டு செல்வது நலம். முழங்கால் நோவுள்ளவர்கள் நரசிங்கர் கோயிலருகே அமர்ந்து, பிறர் இறங்கி வரும்வரை பஞ்ச நமஸ்காரம் ஜபித்திருக்கலாம். குடிநீரை வடிகட்டி எடுத்துச் செல்லுங்கள். திருவுருவங்களுக்கு எண்ணெய், சந்தனம், பால் எதுவும் சாத்த வேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒட்டியிருக்கும் வண்ணம் அதனால் கரைந்துபோகும். கல்வெட்டெழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டியால் தீட்டிப் படம் எடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பிள்ளைகள் அவ்வாறு செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் பூ விற்கும் அம்மையார் கதை சொன்னால் முழுவதும் கேட்டுவிட்டு ஏறுங்கள்.