ஜாமீன் கையெழுத்து

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ராஜகோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். பதினொரு நிலை, 217 அடி. பார்க்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு என்னவோ அந்தக் கோபுரத்தைவிட, அதன் இருபுறமும் நீண்டு செல்லும் மதில்மேல்தான் கண் போகிறது. இந்த மதில் சுவாமிக்கு மட்டும் காவலாக நின்றதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அண்ணாமலையார் கோயில் ஒரு கோட்டை. நவாபின் ஆட்கள், பிரெஞ்சுக்காரர்கள், கும்பினியார், மைசூர்க்காரர்கள் என்று இந்தப் பக்கம் பட்டாளத்தோடு வந்தவர்கள் ஒவ்வொருவரும் இதற்குள் புகுந்துகொள்ளவோ, உள்ளே இருப்பவனை வெளியே விரட்டவோ பார்த்தார்கள். தீபம் ஏற்றும் ஊரில் பீரங்கிக்கும் திரி கொளுத்தியிருக்கிறார்கள்.

அந்தச் சண்டைகளில் ஒன்று அடிக்கடி என் நினைவுக்கு வருகிறது. 1767-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் நடந்தது. சரித்திரப் பாடத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்: முதலாம் மைசூர் யுத்தம், திருவண்ணாமலைப் போர், கும்பினியார் வெற்றி. ஆனால் கும்பினிப் படை இந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று விசாரித்தால், அது ஒரு வேடிக்கையான கதை. வேடிக்கை என்று சொல்வதுகூடப் பாவம்.

1766 நவம்பரில் ஹைதராபாத் நிஜாமுடன் சென்னைக் கும்பினியார் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வட சர்க்கார் ஜில்லாக்கள் அவர்களுக்கு. அதற்கு ஈடாக, நிஜாமுக்குத் தேவைப்படும்போது படை அனுப்ப வேண்டும். நல்ல பேரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். மை உலர்வதற்குள் நிஜாமுக்குத் தேவை வந்துவிட்டது. ஹைதர் அலிமேல் படை எடுக்கிறேன், உங்கள் ஆட்களை அனுப்புங்கள் என்றார். கர்னல் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் படை போயிற்று. கொஞ்ச நாளில் நிஜாமும் ஹைதரும் சமாதானமாகி ஒன்று சேர்ந்துவிட்டார்கள். உதவி செய்யப் போன படையை, அழைத்தவரும் எதிராளியும் கைகோத்துக்கொண்டு துரத்தினார்கள்! செப்டம்பர் 3-ஆம் தேதி செங்கத்துக்கு மேற்கே சங்கமக் கணவாயில் மோதல். ஸ்மித் ஜெயித்தார். ஜெயித்து என்ன? சாப்பிட அரிசி இல்லை. படை திருவண்ணாமலைக்கு ஓடி வந்தது. இங்கும் எதிர்பார்த்த தானியம் இல்லை. மாதக் கடைசியில் இந்த ஊருக்கு வெளியே பெரிய போர். அதிலும் ஸ்மித்துக்கே ஜெயம். ஹைதரின் மகன் திப்பு, சின்னப் பையன், அந்த நேரத்தில் சென்னையின் புறநகர்களைச் சூறையாடிக்கொண்டிருந்தான்.

இப்படி ஜெயித்துக்கொண்டே போன கும்பினியார் 1769-ல் எங்கே நின்றார்கள் தெரியுமா? சென்னைக் கோட்டைக்குள். வெளியே பரங்கிமலைப் பக்கம் ஹைதர் வந்து நிற்கிறார். அவர் சொன்ன நிபந்தனைகளுக்குக் கையெழுத்து. அந்த நிபந்தனைகளில் ஒன்று: ஹைதரை யாராவது தாக்கினால் கும்பினியார் உதவிக்கு வர வேண்டும். ஒரு ஜாமீன் கையெழுத்தினால் வந்த யுத்தத்தை இன்னொரு ஜாமீன் கையெழுத்தினால் முடித்தார்கள். பிறகு மராட்டியர் ஹைதரைத் தாக்கியபோது கும்பினியார் வரவில்லை. அந்தக் கோபத்தை மறக்காமல் 1780-ல் ஹைதர் கர்நாடகத்துக்குள் இறங்கினார். ஊர் ஊராக எரிந்தது. எரிந்த கூரைகள் எவையும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களுடையவை அல்ல.

ஜாமீன் என்றதும் என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு சிநேகிதருக்காகச் சீட்டுக் கம்பெனி ஒன்றில் ஜாமீன் போட்டேன். சிநேகிதர் நல்லவர். நானும் நல்லவன் என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்வதானால், நான் கையெழுத்துப் போட்டது அவர்மேல் இருந்த அன்பினால் மட்டும் அல்ல. நாலு பேர் முன்னிலையில், "இவர் போட்டால் போதும்" என்று மானேஜர் சொன்னாரே, அந்த வார்த்தையின் ருசி. சிநேகிதர் நாலாவது தவணையில் நின்றார். ஐந்தாவதிலிருந்து நான் கட்டினேன். முதல் தவணையிலேயே, "என்னால் முடியாது, வழக்குப் போடுங்கள்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றே தெளிவாகியிருக்கும். என்னிடம் பணம் இருந்தது, அதனால் கட்டினேன். கட்டியது வீணாகக் கூடாதே என்று மேலும் கட்டினேன். நடுவில் சிநேகிதருக்குப் புத்தி சொல்லவும் ஆரம்பித்தேன். செலவைக் குறையுங்கள், கடையை விற்றுவிடுங்கள் என்று அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசினேன். இன்றைக்கு என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். நான் அவரை அவமானப்படுத்திவிட்டேன் என்பது அவர் கட்சி. முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலுத்த தேசங்கள் அயல்நாட்டு யுத்தத்தில் போய்ச் சிக்கிக்கொள்வதும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேராசைதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். முட்டாள்தனம் என்று சிலர். இரண்டும் உண்டு. ஆனால் ஏழை தேசத்துக்கும் பேராசை உண்டு, முட்டாள்தனமும் உண்டு. அது சிக்கிக்கொள்வதில்லை, தோற்றுப்போய் வீடு திரும்பிவிடுகிறது. தவற்றைத் தொடர்ந்து செய்வதற்கும் வசதி வேண்டுமே! 1965 மார்ச்சில் அமெரிக்கா வியட்நாமில் டா நாங் விமானத் தளத்துக்குக் காவல் என்று சொல்லி 3,500 பேரை இறக்கியது. நாலு வருஷத்தில் அது ஐந்து லட்சத்துக்கு மேல் ஆயிற்று. அனுப்ப ஆள் இருந்தது, அனுப்பினார்கள். 58,000 அமெரிக்கர் செத்தார்கள். வியட்நாமியர் எத்தனை லட்சம் என்பதில் கணக்குக்குக் கணக்கு வேறுபாடு.

ஊரார் கதையையே பேசிக்கொண்டிருந்தால் சுலபம். நம் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

1987 ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சண்டை நிற்கும். அதற்குப்பின் எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்படும். இதெல்லாம் நடக்க இந்திய சர்க்கார் உத்தரவாதம். ஆயுதம் வைத்திருந்த பையன்கள் அதில் கையெழுத்துப் போடவில்லை. கடன் வாங்கியவன் கையெழுத்து இல்லாத பத்திரத்தில் ஜாமீன்தாரர் கையெழுத்து மட்டும் இருந்தது! அந்த ஆயுதத்தை எடுக்கக் கற்றுக்கொடுத்ததும் நாம்தான். 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் வடக்கேயும் பயிற்சி முகாம்கள் நடந்தது ஊரறிந்த ரகசியம். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் திருப்பி வாங்கப் போனோம். அன்பு இல்லையா என்றால் இருந்தது. தமிழர் சாகிறார்களே என்ற துடிப்பு இங்கே தெருத்தெருவாக இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பார்த்தால் திருகோணமலைத் துறைமுகம் வருகிறது, எண்ணெய்க் கிடங்குகள் வருகின்றன, அந்நிய வானொலி வருகிறது. "இவர் போட்டால் போதும்" என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லக் கேட்கும் ருசி டில்லிக்கும் இருந்திருக்காதா?

மறுநாளே கொழும்பில் அணிவகுப்பில் நின்ற சிங்கள மாலுமி ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தான். செப்டம்பர் 26-ல் நல்லூரில் திலீபன் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார். அக்டோபர் 5-ல் குமரப்பாவும் புலேந்திரனும் மற்றவர்களும் சயனைட் கடித்தார்கள். 10-ஆம் தேதி வாக்கில், ஆயுதத்தை வாங்கப் போன அமைதிப்படை போர்ப்படையாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ராத்திரியில் இறக்கப்பட்ட சீக்கிய வீரர் முப்பது பேரில் ஒருவர் மட்டும் கைதியாக உயிரோடு மிஞ்சினார். 21-ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நம் படை புகுந்து சுட்டதில் டாக்டர்களும் நர்ஸுகளும் நோயாளிகளும் மாண்டார்கள். சில தினங்களில் முடியும் என்று நினைத்தது இரண்டரை வருஷம் இழுத்தது. நம் தரப்பில் இறந்தவர் மட்டும் 1,100-க்கு மேல்.

எங்கள் வீட்டில் அப்பா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி. "இந்திய ஜவானைச் சுட்டவன் எவனாயிருந்தாலும் எனக்கு விரோதி" என்பார் அப்பா. "அங்கே செத்தவள் உன் அக்காவாயிருந்தால்?" என்பார் சித்தப்பா. அந்த வருஷப் பொங்கலுக்குச் சித்தப்பா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! சட்டசபையில் நடந்ததைவிட, சாப்பாட்டு இலைக்கு முன் நடந்த இந்தப் பிரிவினைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. தெற்கே சிங்கள இளைஞர்கள் இந்தியனே வெளியேறு என்று கலகம் செய்தார்கள். வடக்கே புலிகள் அதையே துப்பாக்கியால் சொன்னார்கள். 1989-ல் ஜனாதிபதி பிரேமதாசா, இந்தியப் படையை எதிர்க்கப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். திருவண்ணாமலைக்கு வெளியே நிஜாமும் ஹைதரும் கைகோத்து நின்றார்களே, அதே கோலம்! இருநூற்று இருபது வருஷத்தில் சரித்திரம் ஆட்களை மாற்றிக்கொண்டதே தவிர, நாடகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்படியானால் உடனே திரும்பி வந்திருக்கலாமே என்று கேட்கலாம். நானும் அப்போது அப்படித்தான் பேசினேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. நம் கையெழுத்தை நம்பி மாகாண ஆட்சியில் உட்கார்ந்தவர்களும், அவர்களுக்காகக் கட்டாயமாகத் துப்பாக்கி கொடுக்கப்பட்ட பையன்களும் அங்கே என்ன ஆனார்கள்? போனது பிழை என்றால், வந்தது சரி என்று ஆகிவிடுமா? ஜாமீன் போடாமலே இருந்திருக்கலாம் என்று சொல்வது சுலபம். போட்ட பிறகு, கட்டுவதும் பாவம், கட்டாமல் விடுவதும் பாவம் என்ற இடத்தில் வந்து நிற்கிறவனுக்கு எந்தத் தர்மசாஸ்திரத்தில் பதில் இருக்கிறது? படையை அனுப்பினவர்கள் இந்தக் கேள்வியை நெடுநேரம் சுமக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் பழியைப் போட்டுப் புத்தகம் எழுதினார்கள். ராஜீவ் காந்தி மட்டும் 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் உயிரையே கொடுத்தார்.

கேள்வியை இன்னும் சுமக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். வட ஆற்காட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன கிராமங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு கிராமத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். பௌர்ணமி தவறாமல் பதினாலு கிலோமீட்டரும் செருப்பில்லாமல் கிரிவலம் வருவார். போன மாதம் மதிலோரத்து டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, எப்படியோ பேச்சு யாழ்ப்பாணத்துக்குப் போயிற்று.

"எறங்கினப்போ மாலை போட்டாங்க சார். பொட்டு வெச்சாங்க. அக்டோபர்ல அதே தெருவுல கதவு சாத்திக்கிச்சு. எங்க கம்பெனியில தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். அதனால வீட்டுக் கதவையெல்லாம் என்னைத்தான் தட்டச் சொல்லுவாங்க."

ஒரு வீட்டில் வயதான அம்மாள் ஒருத்தி கதவைத் திறந்தாளாம். பின்னால் துப்பாக்கியோடு ஏழெட்டுப் பேர். இவர் தமிழில், "பயப்படாதீங்கம்மா, சோதனை போடணும்" என்றாராம். அவள் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"'நீங்கள் ஏன் தம்பி வந்தனீங்கள்?' அப்பிடின்னு கேட்டாங்க சார். கோவமா இல்ல. எங்க ஊர்ல, வேகாத வெயில்ல ஏன்டா வந்தேன்னு கேப்பாங்களே, அந்த மாதிரி. பின்னாடி நின்ன ஆபீசர் வடக்கத்திக்காரர். 'என்ன சொல்றா?'ன்னு இந்தியில கேக்கறாரு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

அவர் டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"தண்ணி வேணுமான்னு கேக்கறாங்கன்னு சொன்னேன் சார். அவருக்குத் தாகமா இருந்திச்சு போல. கொண்டாரச் சொல்லுன்னாரு. நானும் அந்தம்மாகிட்ட கேட்டேன். உள்ள போயி ஒரு செம்பு நெறையக் கொண்டாந்து குடுத்தாங்க. எல்லாரும் குடிச்சோம்."